நத்தார் லீவு யாருக்கு?

டிசம்பர் வந்தால் எங்கட கரையோரத்தில் எல்லாருக்கும் ஏதோ ஒரு லீவு கிடைக்குது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு. கடல் கொந்தளித்தால் தோணிக்காரருக்கு லீவு. மழை விடாமல் அடித்தால் மேசன்மாருக்கும் கூலியாட்களுக்கும் லீவு. நத்தாரும் போயாவும் சனி ஞாயிறும் ஒன்றாக வந்து விழுந்தால் அரச உத்தியோகத்தருக்கு நாலு நாள் லீவு. இத்தனை பேரும் லீவெடுத்துக்கொண்டு வந்து குந்துகிற இடம் வீடு. அந்த வீட்டைப் பார்க்கிற ஆளுக்கு வருசத்தில் ஆகக் கஷ்டமான மாசம் இதுதான்.

அன்னையர் தின வாழ்த்துப் போல ஒன்றை எழுத நாங்கள் வரவில்லை. உம்மாவின் காலடியில் சொர்க்கம் என்று ஸ்டேட்டஸ் போடுகிற ஆட்களுக்கு எங்கட ஊர்களில் குறைவே இல்லை. எங்களுக்குச் சொல்ல இருப்பது வேறு. நாலைந்து சின்னப் பிள்ளைகளின் முழுப் பாரத்தையும் ஒரு பெண்ணின் இரண்டு கையில் போட்டுவிட்டு அதற்குக் குடும்பம் என்று பேர் வைத்திருக்கிறோம். இந்த ஏற்பாடு அநியாயம். அதைவிட, இது ஆபத்து. இந்த ஏற்பாடு உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது, அதற்குக் கணக்கும் இருக்கிறது. 2004இல், நத்தாருக்கு அடுத்த நாள் நடந்ததற்கு எங்கட கரையிலேயே எடுத்த கணக்கு.

கணக்குக்குப் போக முதல் ஒரு சாதாரண நாளைப் பார்ப்போம்.

சாய்ந்தமருது, மருதமுனை, கல்முனைக்குடி, நிந்தவூர், எந்த ஊரின் எந்த ஒழுங்கைக்குள் வேண்டுமென்றாலும் போய்ப் பாருங்கள். பத்து வயதில் ஒன்று, ஏழில் ஒன்று, நாலில் ஒன்று, இடுப்பில் ஒன்று. வெளியே மாரி மழை. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணி, கிணறு வாய்முட்ட நிற்குது. நேற்றுத் தோய்த்த உடுப்பு இன்னும் காயாமல் வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே கயிற்றில் தொங்குது. கரண்ட் போனால் அதுவும் இல்லை. ஏழு மணிக்கு ஒன்று பசி என்று எழும்பும், எட்டரைக்கு மற்றது எழும்பும், முதல் எழும்பியது ஒன்பதரைக்குத் திரும்பவும் பசி என்று வரும். போனுக்குச் சண்டை. நாலு வயதுக்காரன் தண்ணிக்குள் இறங்கப் பார்ப்பான். கைப்பிள்ளைக்குச் சளி. பகல் சோறு ஆக்க வேணும், மத்ரஸாவுக்குப் பிள்ளையை வெளிக்கிடுத்த வேணும், மாமியாருக்கு மருந்து எடுத்துக் குடுக்க வேணும். இதற்கு நடுவே, "பிள்ளையளக் கொஞ்சம் சத்தம் போடாம வெச்சிருக்க ஏலாதா?" என்று உள்ளறையிலிருந்து ஒரு குரல் வரும். லீவில் நிற்கிற வாப்பாவின் குரல். அசருக்குப் பிறகு அவர் சந்திக்கு வெளிக்கிடுவார். கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிற வாப்பா என்றால் இரவில் வீடியோ கோலில் வந்து பிள்ளைகளைச் சிரிக்கவைத்துவிட்டுப் போவார். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரில் நிற்கிறவர்களைச் சொல்லலாம்.

இது முஸ்லிம் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கல்முனைத் தமிழ்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இதே கிழமைகள் நத்தார் கிழமைகள். வீடு முழுக்கக் கழுவ வேணும், பிள்ளைகளுக்குப் புது உடுப்பு வேணும், கேக்குக்கு மாவும் சீனியும் முட்டையும் விலை கேட்டுத் திரிய வேணும், பாதிரா ஆராதனைக்கு நித்திரை தூங்கி விழுகிற பிள்ளைகளை வெளிக்கிடுத்த வேணும். பெருநாள் எங்களுக்கு எப்படியோ நத்தார் அவர்களுக்கு அப்படி. பண்டிகை ஊருக்கு, பாடு பெண்ணுக்கு. வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குசினிப் புகை ஒரே மாதிரித்தான் எழும்புது.

இனி அந்தக் கணக்கு.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. போயா நாள். முதல் நாள் நத்தார். பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் எல்லாரும் வீட்டில். சுமாத்திராவில் நிலம் நடுங்கியது எங்கட நேரம் காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முதல். அலை எங்கட கரைக்கு வந்தது ஒன்பது மணியளவில். இடையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நேரம் இருந்தும் ஒரு அறிவித்தலும் வரவில்லை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். எல்லா மாவட்டங்களிலும் ஆகக் கூடுதலாக இழந்தது அம்பாறை, 10,000 பேருக்கு மேல்.

பிறகு ஆய்வாளர்கள் அம்பாறைக் கரையோரத்தின் 13 முகாம்களுக்குப் போனார்கள். 859 குடும்பங்கள், 3,533 பேர். யார் இருக்கிறார், யார் இல்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். அந்தக் குடும்பங்களில் ஆண்களில் 8.2 வீதம் இறந்திருந்தார்கள், பெண்களில் 17.5 வீதம். இரண்டு மடங்குக்கு மேல். 20 முதல் 29 வயது வரையானவர்களில் இறந்தது 7.4 வீதம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 31.8 வீதம். மூன்று பிள்ளையில் ஒரு பிள்ளை என்றே சொல்லலாம். அலை வந்த நேரம் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஆபத்துக் கூட இருந்தது என்றும் அந்த ஆய்வு கண்டது. ஒருவர்கூட மிஞ்சாமல் போன குடும்பங்கள் முகாமுக்கு வரவில்லை, ஆகவே இந்தக் கணக்கிலும் அவர்கள் இல்லை.

இந்த எண்களைக் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள். அலைக்கு ஆண் பெண் தெரியாது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு யார் எங்கே நிற்பார் என்பதைத் தீர்மானித்தது கடலா, நாமா? கடல் இரையுது என்று சத்தம் கேட்டபோது வெளியே நின்றவர் ஓடினார். உள்ளே நின்றவள் முதலில் பிள்ளைகளை எண்ணினாள். ஒன்று இடுப்பில், ஒன்று கையில், ஒன்று குளியலறையில், ஒன்று பக்கத்து வீட்டில். எண்ணி முடிக்க நேரமில்லை. தப்பி வந்தவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எங்கட ஊர்களில் எந்த மூத்தம்மாவிடம் கேட்டாலும் இதே கதைதான் வரும்.

எங்கட கரையில் மட்டும் நடந்ததும் இல்லை. தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் அதே நாள் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக ஒக்ஸ்பாம் 2005இல் எழுதியது. ஆச்சேயிலும் பல கிராமங்களில் இதே நிலைமை. காரணங்களும் ஒரே மாதிரியானவை: பிள்ளைகளோடு வீட்டில் நின்றது, நீந்தத் தெரியாதது, மரம் ஏறிப் பழகாதது, கால் தடக்குகிற உடுப்பு. இதில் எது இயற்கை?

"இது பழைய கதை, இப்ப சைரன் கோபுரம் இருக்கு, போனுக்கு மெசேஜ் வருது" என்று சொல்லலாம். பிறகு நடந்ததைப் பார்ப்போம். 2024 நவம்பர் 26. வெள்ளத்தால் விடுமுறை கிடைத்து, நிந்தவூரில் ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள் சம்மாந்துறைக்கு வீடு திரும்புகிறார்கள். மாவடிப்பள்ளியில் றோட்டை மூடி ஓடுகிற தண்ணிக்குள் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்படுகிறது. மாணவர்கள் 6 பேர் உட்பட 8 பேர் மௌத்தானார்கள். சைரன் கோபுரத்தால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இதற்குப் பின்னால் இருப்பது எங்கட எல்லாருக்கும் பழகிப்போன ஒரு நினைப்பு. மழை கூடினால் லீவு விடு, லீவு விட்டால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பு, வீட்டில்தான் உம்மா இருக்கிறாளே. பள்ளிக்கூடமும் மத்ரஸாவும் டியூட்டரியும் அரசாங்கமும் தங்கட பொறுப்பை இறக்கிவைக்கிற இடம் வீட்டு வாசல். வாசலுக்கு வந்து சேரும் வரையான வழி யாருடைய பொறுப்பு என்றும், வாசலுக்கு உள்ளே எத்தனை கை இருக்கிறது என்றும் யாரும் கேட்பதில்லை.

இதைப் பேசினால் மூன்று மறுமொழி வரும். மூன்றையும் நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம்.

முதலாவது: "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்." மரணம் அவனுடைய நாட்டம்தான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று கேட்டு வளர்ந்த சமூகம் இது. கட்டாமல் விட்ட ஒட்டகத்துக்கும் நாட்டத்தையே காரணம் சொல்வது ஈமான் அல்ல, சோம்பேறித்தனம்.

இரண்டாவது: "பிள்ளை பார்க்கிறது பொம்புளைட கடமை." ரசூலுல்லாஹ் வீட்டில் இருக்கும்போது வீட்டு வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா நாயகி அறிவித்தது எங்கட குத்பாக்களிலும் வருகிற ஹதீஸ். மிம்பரில் கேட்கிறபோது தலை ஆட்டுகிறோம். வீட்டுக்கு வந்து கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டு எழும்புகிறோமே, அது எந்தச் சுன்னத்?

மூன்றாவதுதான் ஆக அடிக்கடி வருவது: "அந்தக் காலத்துல எட்டுப் பத்துப் பெத்து வளக்கலயா?" வளர்த்தார்கள், ஒருத்தி தனியாக அல்ல. எங்கட கிழக்குக் கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவான். உம்மாவின் வளவுக்குள்ளேயே மூத்த மகளுக்கு ஒரு வீடு, இளைய மகளுக்கு ஒரு வீடு. சாச்சியும் பெரியம்மாவும் மூத்தம்மாவும் கூப்பிடு தூரத்தில். ஒருத்தி சோறு ஆக்கினால் மற்றவள் பிள்ளையை ஏந்துவாள். அந்த வளவுகள் இன்றைக்கு இல்லை. சனம் பெருகி, காணி துண்டு துண்டாகி, சுனாமிக்குப் பிறகு ஆளுக்கொரு வீட்டுத்திட்டத்துக்குப் போய், ராத்தா ஒரு ஊரில் தங்கச்சி ஒரு ஊரில். பிறகு இன்னொன்றும் இருக்கு. அந்தக் காலத்தில் எட்டுப் பிள்ளை வளர்ந்தது மூத்த பெண்பிள்ளையின் படிப்பை அஞ்சாம் வகுப்போடு நிறுத்தித்தான். அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பழைய காலத்தைப் புகழ வேணும்.

வீடு என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். எங்கட வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு எழுதுவது. சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்கும் வீட்டுக்கும் படிவம் நிரப்பியபோது "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்துக்குள் ஆணின் பேர் போனது. தன் சீதன வீட்டைக் கடலுக்குக் கொடுத்த பெண்கள் பலருக்குப் புது வீடு புருசன் பேரில் வந்தது. வேலை என்று வந்தால் வீடு அவளுடையது, உறுதி என்று வந்தால் அவருடையது. இதை ஆக்கியது கடல் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? புலம்பிவிட்டுப் போக நாங்கள் விரும்பவில்லை.

வீட்டில் தொடங்குவோம். "உதவி செய்றன்" என்ற சொல்லை விடுவோம். தன் பிள்ளைக்குச் சோறு தீத்துவது யாருக்குமான உதவி இல்லை. லீவு நாளில் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை பிள்ளைகள் வாப்பாவின் பொறுப்பு, வளர்ந்த காக்காவின் பொறுப்பு என்று நேரம் குறித்துக்கொள்வோம். அந்த நேரத்தில் உம்மா படுக்கட்டும், ஓதட்டும், ராத்தா வீட்டுக்குப் போகட்டும், சும்மா இருக்கட்டும். அது அவவின் நேரம்.

வெள்ளமோ கடலோ வந்தால் எந்தப் பிள்ளையை யார் தூக்குவது என்று ஒவ்வொரு வீட்டிலும் இந்த லீவிலேயே பேசி முடிவெடுக்க வேணும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள். வீட்டில் ஆள் போதாது என்றால் பக்கத்து வீட்டையும் சேர்த்துப் பேசுங்கள். கஷ்டமான வேலை இல்லை, பத்து நிமிசம் போதும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் கேட்கிறோம்: கட்டடங்கள் பெரிசு, லீவு நாளில் லுஹருக்கும் அசருக்கும் இடையில் மண்டபங்கள் சும்மா கிடக்குது. பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். பார்த்துக்கொள்ள எங்களைப் போன்ற இளைஞர்கள் வருவோம். நூலகங்களின் சிறுவர் பகுதிகளும் டிசம்பரில்தான் கூடுதல் நேரம் திறந்திருக்க வேணும். விளையாட்டுக் கழகங்கள் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு வைக்கிற காசில் கொஞ்சத்தை எடுத்துப் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க வழி பார்க்க வேணும். பெண் பயிற்றுவிப்பாளர், மறைவான இடம் என்று எல்லா நிபந்தனையும் வையுங்கள். நிபந்தனையைச் சாட்டி வேலையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அனர்த்தக் குழுக்களில் உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள். ஓடிப் பழகிய ஆண்கள். ஒத்திகை நடந்தால் முன்னுக்கு நிற்பதும் அவர்கள்தான். அடுத்த ஒத்திகையை ஒரு மழை நாளில், காலை ஒன்பது மணிக்கு, குசினியிலிருந்து தொடங்குங்கள். கைப்பிள்ளையும் நாலு வயதுப் பிள்ளையும் நடக்க ஏலாத மாமியும் உள்ள ஒரு பெண் எத்தனை நிமிசத்தில் பிரதான வீதிக்கு வருகிறாள் என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். அந்த நிமிசக் கணக்கு இல்லாத எந்தத் திட்டமும் எங்கட ஊருக்கான திட்டம் இல்லை.

ஒவ்வொரு டிசம்பர் 26ஆந் திகதியும் அந்த நாளின் நினைவு. யாசீன் ஓதுவோம், துஆக் கேட்போம், படம் போடுவோம். ஓதி முடித்து வீட்டுக்குப் போகிறபோது குசினியில் யார் நிற்கிறார், பிள்ளைகள் எத்தனை பேர், பெரிய ஆட்கள் எத்தனை பேர் என்று ஒருக்கா எண்ணிப் பாருங்கள். போதாத இடத்தில் போய் நில்லுங்கள்.