பெட்டி பழுதில்லை, ஒரு கேபிள்தான் குறை



வெளிநாட்டில் உழைக்கும் நம்மட ஆட்கள் லீவில் வரும்போது கொண்டுவரும் சாமான்களில் நெட்வேர்க் மியூசிக் ப்ளேயரும் ஒன்று. லெப்டொப்பில் கிடக்கும் ஒலிப்பதிவை எடுத்து ஸ்பீக்கரில் போடும் சின்னப் பெட்டி. ஆனால் "வீட்டில ரவுட்டர் இல்ல, இது சரிவராது" என்று ஷோகேஸில் ஏறிவிடுகிறது. இதற்காகவே மாதக் கட்டணத்துக்கு இணைப்பு எடுக்க யோசிப்பவர்களும் உண்டு.

என் கருத்து இதுதான்: நெட்வேர்க் வேறு, இன்டர்நெட் வேறு. இரண்டு கருவிகளை ஒரு கேபிளால் இணைத்தாலே அது நெட்வேர்க்தான். அதற்கு யாருக்கும் மாதக் காசு கட்டத் தேவையில்லை.

ப்ளேயரில் லேன் துவாரம் இருந்தால் ஒரு சாதாரண லேன் கேபிளை எடுத்து ஒரு முனையை அதிலும் மறு முனையை லெப்டொப்பிலும் செருகுங்கள். முன்பு இதற்கு "க்ரொஸ்ஓவர்" என்ற தனிக் கேபிள் வேண்டும். இப்போதைய லெப்டொப்கள் அதைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். முகவரி கொடுக்க ரவுட்டர் இல்லாதபோது பெரும்பாலான கருவிகள் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாமே எடுத்துக்கொள்ளும். அப்படி எடுக்காவிட்டால் நாம் கொடுக்கலாம்: லெப்டொப்புக்கு 192.168.50.1, ப்ளேயருக்கு 192.168.50.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. லெப்டொப்பில் கேட்வே இடத்தை வெறுமையாக விடுங்கள். அப்போதுதான் வைஃபையில் வரும் இன்டர்நெட் குழம்பாது.

பிறகு லெப்டொப்பில் டிஎல்என்ஏ முறையில் பாட்டுப் பகிரும் மென்பொருள் ஒன்று ஓட வேண்டும். இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியும் ப்ளேயரில் ஒன்றும் தெரியாவிட்டால் முதலில் ஃபயர்வோலைப் பாருங்கள். நேரடிக் கேபிளை விண்டோஸ் பெரும்பாலும் "பப்ளிக்" நெட்வேர்க் என்று எடுத்து வழியை மறித்துவிடும். அதற்காக ஃபயர்வோலை முழுதாக நிறுத்த வேண்டாம், அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

"புளூடூத் இருக்கே சேர், இவ்வளவு பாடு எதுக்கு?" என்று கேட்பீர்கள். பக்கத்தில் வைத்துக் கேட்க அது போதும். தூரம் கூடினால் விட்டுவிட்டு வரும். லேன் கேபிள் 100 மீற்றர் வரை தாங்கும். மண்டபத்தின் ஒரு மூலையில் லெப்டொப்பும் மறு மூலையில் ஸ்பீக்கருமாக வைக்கலாம். இன்டர்நெட் வானொலி மட்டும் இன்டர்நெட் இல்லாமல் வராது. ஃபோன் செயலி வழியாக இன்டர்நெட்டில் பதிந்தால் மட்டும் இயங்கும் பெட்டிகளும் உண்டு. வாங்கும் முன் இதைக் கேட்டு அறியுங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஸ்குவீஸ்பொக்ஸ் என்ற ப்ளேயர்களுக்கு லொஜிடெக் நிறுவனம் நடத்திய இணையச் சேவை 2024இல் மூடப்பட்டது. அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் கஷ்டப்பட்டார்கள். பாட்டுகளைச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தவர்களின் பெட்டிகள் தொடர்ந்து பாடின. அந்த சேர்வர் மென்பொருள் இப்போது லிரியன் என்ற பெயரில் இலவசமாக இருக்கிறது. வாடகைக்குக் கேட்பது கம்பனி நினைக்கும் வரைதான், கையில் இருப்பதே நமக்கு மிஞ்சும்.

நம்மட வீடுகளிலும் அப்படிப்பட்ட சொத்து இருக்கிறது. பழைய கெசட்டுகளில் மௌத்தாகிப்போன வாப்பாமாரின் கிராஅத், ஊர் ஆலிம்களின் பயான், முஸ்லிம் சேவையிலிருந்து பதிந்த கஸீதாக்கள். எந்தச் செயலியிலும் இவை கிடைக்காது. நாடா பூஞ்சணம் பிடிக்கும் முன் லெப்டொப்புக்கு மாற்றி, இன்னொரு பிரதியும் எடுத்து வையுங்கள்.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் ஐபி முகவரியைப் பாடமாக்கிப் பரீட்சையில் புள்ளியும் எடுக்கிறார்கள். ஆனால் இரண்டு கருவிகளைத் தம் கையால் இணைத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். தான் கொடுத்த இலக்கத்தால் அறையின் மறுமுனையில் சத்தம் வருவதைக் கண்ட பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது.

ஆகவே ரவுட்டர் வாங்கக் கடைக்குப் போகும் முன், பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி லேன் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேபிள் காசோடு வேலை முடியும். மாட்டிப் பார்த்தவர்கள் என்ன நடந்தது என்று கொமென்டில் எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும், இன்ஷா அல்லாஹ்.