சுடரா? சுவரொட்டியா?

2008ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 17ஆம் நாள், தலைநகர் டில்லியிலே ஒரு தீப்பந்தம் பவனி வந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக் விழாவுக்கென்று கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவில் மூட்டப்பட்ட சுடர் அது. 130 நாட்களில் 137,000 கிலோமீட்டர் சுற்றி வரும் என்று அறிவித்தார்கள். 'நல்லிணக்கப் பயணம்' என்று பெயரும் சூட்டினார்கள். பெயர் இனிக்கத்தான் செய்தது! ஆனால் அந்த நல்லிணக்கத்தைக் காத்து நிற்கப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் தேவைப்பட்டனர்.

முதலில் வகுத்த நீண்ட வழி வெட்டிக் குறுக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் மாளிகைப் பக்கத்திலிருந்து இந்தியா கேட் வரை 2.3 கிலோமீட்டர், அவ்வளவுதான். ஏந்தியவர்கள் ஏறத்தாழ எழுபது பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆளுக்கு முப்பது முப்பத்தைந்து மீட்டர்! எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மணியடித்ததும் தண்ணீர்க் குழாய்க்கு ஓடும் தூரம்கூட அதைவிட மிகுதி. சாலைகள் அடைபட்டன. பொதுமக்கள் தொலைவிலேயே தடுத்து நிறுத்தப்பட்டனர். அழைப்புப் பெற்றவர்கள் மட்டுமே அருகே நின்று கை தட்டினர். உலக மக்களை ஒன்றாக்க வந்த சுடரை, ஊர் மக்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிலே கண்டனர். அந்தச் சாலையின் பெயர் அன்று ராஜபாதை. 2022இல் கர்தவ்ய பாதை என்று மாற்றினார்கள். பெயர் பின்னாளில் மாறியது. ஆனால் அன்று நடந்த பவனி ராஜ பவனியேதான்!

ஏன் இந்தக் கெடுபிடி? திபெத்தியரின் உரிமைக் குரல் எழுந்த ஆண்டு அது. இலண்டனிலும் பாரிசிலும் மக்கள் சுடரை மறித்தனர். பாரிசில் அதை அணைத்துப் பேருந்துக்குள் ஏற்ற வேண்டியதாயிற்று. நம் நாட்டின் கால்பந்து வீரர் பாய்ச்சுங் பூட்டியா, சுடரை ஏந்த மாட்டேன் என்று மறுத்துவிட்டார். டில்லியிலே திபெத்தியர் தமக்கென ஒரு தனிச் சுடரோட்டம் நடத்தினர். அந்தச் சுடரைச் சுற்றி விளம்பரம் இல்லை. ஆனால் அதன் பின்னே மக்கள் இருந்தனர்.

அரச சுடரைச் சுற்றி யார் இருந்தனர்? கோக்கா கோலா, சாம்சங், லெனோவா. இம்மூன்று நிறுவனங்களே அந்த உலகப் பயணத்தின் புரவலர்கள். கோக்கா கோலாவின் விளம்பரத்தில் முகம் காட்டி வந்த திரைப்பட நடிகர் ஆமிர் கான் டில்லியில் சுடர் ஏந்தினார். நடிகர் ஓடக் கூடாது என்பதல்ல நமது வாதம். யார் ஏந்துவது என்பதை முடிவு செய்வது யார்? ஊரா, விளையாட்டா, விற்பனையா? இதுவே நமது கேள்வி.

"ஐயையோ, பழம்பெரும் மரபைப் பழிக்கலாமா?" என்று சிலர் பதறுவர். மரபு என்றால் நம் நாட்டிலே வாய் பொத்தி நிற்க வேண்டும் என்பது வழக்கமாயிற்றே! எத்தனை ஆண்டு மரபு என்று எண்ணிப் பார்த்தோமா? பண்டைய ஏதென்ஸ் நகரில் தீப்பந்த ஓட்டம் உண்டு. ஆனால் பண்டைய ஒலிம்பிக் போட்டிக்கு நாடு நாடாகச் சுடர் கொண்டு செல்லும் வழக்கம் இருந்ததே இல்லை. அந்தச் சடங்கு பிறந்தது 1936இல், பெர்லினில், இட்லரின் ஆட்சியில். வகுத்தவர் கார்ல் டீம். பந்தங்களைச் செய்து கொடுத்தது குருப் நிறுவனம். பீரங்கி செய்த அதே குருப்! சுடர் வந்த வழி கிரேக்கம், பல்கேரியா, யூகோசுலாவியா, அங்கேரி, ஆசுதிரியா, செக்கோசுலோவாக்கியா. அடுத்த ஐந்தே ஆண்டுகளுக்குள் அந்த வழியிலே செர்மானியப் படை நடந்தது. ஆசுதிரியா 1938இல் வீழ்ந்தது, செக் நாடு 1939இல் வீழ்ந்தது, யூகோசுலாவியாவும் கிரேக்கமும் 1941இல் வீழ்ந்தன. சுடர் வடக்கே ஏறிய பாதையில் பீரங்கி தெற்கே இறங்கிற்று. இதுவா புனித மரபு?

இந்த மரபின் பொய்ப் பூச்சைச் சில மாணவர்கள் உரித்துக் காட்டிய கதையும் உண்டு. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்காகச் சிட்னி நகருக்குச் சுடர் வந்தது. பாரி லார்க்கின் என்ற மாணவரும் அவர் நண்பர்களும் ஒரு நாற்காலிக் காலை எடுத்தனர். அதற்கு வெள்ளிச் சாயம் பூசினர். தலையிலே ஒரு தகரக் குவளையைப் பொருத்தி, உள்ளாடை ஒன்றை மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தினர். லார்க்கின் அதை ஏந்தி ஓடினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. காவலர் வழி விட்டனர். நகர மேயர் பயபக்தியோடு அதைக் கையில் வாங்கிக்கொண்டு சொற்பொழிவைத் தொடங்கினார்! உள்ளாடை எரிந்த தீக்கும் ஒலிம்பியாவின் தீக்கும் வேறுபாடு காண அங்கு எவராலும் இயலவில்லை. தீயிலே புனிதம் இல்லை, ஏந்தும் நோக்கத்திலேதான் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நோக்கம் எப்போது வாணிபம் ஆயிற்று? 1984இல் லாசு ஏஞ்சல்சு விழாவின்போது ஒரு கிலோமீட்டர் ஓட 3,000 டாலர் என்று விலை வைத்தனர். அந்தப் பணம் இளைஞர் மன்றங்களுக்குப் போயிற்று. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கிரேக்கர்கள் கொதித்தெழுந்தனர். தங்கள் மண்ணில் சுடர் ஓடுவதற்கே இடமில்லாமற் போயிற்று. ஓசையின்றி மூட்டி வானூர்தியில் ஏற்றி அனுப்பினர். அன்று அறப்பணிக்காக வைத்த விலைப்பட்டியல், பின்னாளில் விளம்பர வண்டியாக முன்னே வந்து நின்றது. 2008இன் கசப்புக்குப் பிறகு, 2009இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவே உலகம் சுற்றும் சுடரோட்டத்தைக் கைவிட்டது.

"நிறுவனம் தன் பணத்தைச் செலவிடுகிறது, உமக்கென்ன வலிக்கிறது?" என்று கேட்போர் உண்டு. வலிக்கத்தான் செய்கிறது ஐயா! வண்டி அவர்களுடையது, சாலை நம்முடையது. பதாகை அவர்களுடையது, காவலுக்கு நிற்போரின் ஊதியம் நம் வரிப்பணம். விற்பனை அவர்களுக்கு, போக்குவரத்து நெரிசல் நமக்கு. கொடுப்பவன் வள்ளல் என்றால் பெயரைப் பொறிக்கப் பந்தத்தைவிடப் பெரிய பலகை எதற்கு? முதலைப் போட்டு இலாபம் எடுப்பவனை வணிகன் என்று அழைப்போம். அதிலே இழிவு இல்லை. வணிகனை வள்ளல் என்று அழைப்பதிலேதான் இழிவு!

பழைய பல்லக்குப் பவனிகளை நினைத்துப் பாருங்கள். சாமி ஊர்வலமோ, ஜமீன்தார் வீட்டுத் திருமண ஊர்வலமோ, தீவட்டி பிடித்தவன் ஏழை. எண்ணெய் அவன் கையிலே வழியும், புகை அவன் கண்ணிலே ஏறும். வெளிச்சமோ பல்லக்கில் இருப்பவர் முகத்துக்கு! இன்று தீவட்டி பிடிப்பது பெரும் பேறு என்றாகிவிட்டது. ஆகவே ஏழையின் கையிலிருந்து அதையும் வாங்கிக்கொண்டார்கள். வெளிச்சம் விழும் இடம் மட்டும் மாறவில்லை. அன்று பல்லக்கின் மீது, இன்று விளம்பரப் பலகையின் மீது.

டில்லியிலே நடந்ததற்குத் தாம்பரத்திலே ஏன் புலம்பல் என்று எண்ணாதீர்கள். விழா எவ்வூரில் நடந்தாலும் சாலையோரம் நிறுத்தப்படுவோர் பள்ளிப் பிள்ளைகளே. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எங்கும் ஆசிரியப் பணி செய்வோர் இதை அறிவர். "பிள்ளைகளை அழைத்து வாருங்கள், கையிலே கொடி கொடுங்கள், வரிசையாக நிறுத்துங்கள்" என்று சொல் வரும். பெருந்தெரு வெயிலில் பிள்ளைகள் நிற்பர். வர வேண்டியவர் வர மாட்டார். வந்தாலும் நொடியில் கடந்து போவார். ஓடக் கற்க வேண்டிய பிள்ளை, ஓடுபவரைப் பார்க்க நிற்கிறது. ஓடுவதற்கு மைதானம் கேட்டால், இடமில்லை என்ற விடை!

2022இல் நம் பக்கத்து மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. தமிழகம் பெருமை கொள்ளத்தக்க போட்டி. அதற்கும் முதன்முறையாக ஒரு சுடரோட்டம் சேர்த்தார்கள். சூன் 19இல் டில்லியில் தொடங்கி, 40 நாட்களில் 75 நகரங்கள் என்று திட்டம். உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்கு ஓட்டப் பந்தம்! ஈராண்டு கழித்து, 2024 திசம்பரில், சென்னை இளைஞர் குகேசு சிங்கப்பூரில் உலக வாகையர் ஆனார். அவரை ஆக்கியது எது? பந்தமா? மகனுக்காக மருத்துவத் தொழிலை ஒதுக்கி வைத்த தந்தை, குடும்பத்தைத் தாங்கிய தாய், ஆண்டுக் கணக்கில் அருகிருந்த பயிற்சியாளர். கைக்குக் கை மாறிய உழைப்பு அது. அதுவே மெய்யான தொடரோட்டம்.

இன்னொரு தொடரோட்டத்தையும் இப்பகுதி கண்டது. 2015 திசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் மேற்குத் தாம்பரத்தையும் சூழ்ந்தபோது, கடற்கரை மீனவர் படகுகளோடு வந்தனர். உணவுப் பொட்டலம் கைக்குக் கை மாறிற்று. எவரும் யார் யாரை ஏந்துவது என்று பட்டியல் போடவில்லை. புரவலர் பெயர் எழுதிய பிறகே படகு நகரும் என்று எவரும் சொல்லவில்லை.

விழாவே வேண்டாம் என்று நாம் முழங்கவில்லை. மக்களுக்கு மகிழ்ச்சி வேண்டும், பிள்ளைகளுக்கு வேடிக்கையும் வேண்டும். ஆனால் இனி ஒரு சுடர் நம் தெருவுக்கு வருமானால், நான்கு நிபந்தனைகளை வைப்போம். செலவுக் கணக்கை ஊரறிய வெளியிடுங்கள். ஏந்துவோரை ஊரார் தேர்ந்தெடுக்கட்டும். உடற்பயிற்சி ஆசிரியரும், தூய்மைப் பணியாளரும், ஓடத் தெரிந்த ஏழைச் சிறுமியும் அப்பட்டியலில் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் தோரணமாகக் கட்டாதீர்கள். சுடர் கடந்து செல்லும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு விளையாட்டுத் திடலைச் சீர்செய்து விட்டுப் போங்கள்.

இவற்றுக்கு இசைவோமென்றால், சுடர் வரட்டும். நாமும் கை தட்டுவோம். இசையோமென்றால், அது வெறும் எரியும் சுவரொட்டி. சுவரொட்டிக்கு வணக்கம் செலுத்தும் வழக்கம் நமக்கு வேண்டாம்!