கணினிக்கும் வேண்டும் முறையான விசாரணை

கடந்த ஆண்டு மழைக்கால மாலையொன்றில் ஞாயிறு இதழுக்கான கட்டுரையின் இறுதிப் பந்தியைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். எவ்வித முன்னறிவிப்புமின்றித் திரை கறுத்தது. மறுகணம் கணினி தானாகவே மீளத் தொடங்கியது. மின்சாரம் தடைப்படவில்லை, மேசைவிளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அன்றிரவு இன்னும் இரு தடவைகள் அவ்வாறே நிகழ்ந்தது. அடுத்த இரு நாட்களும் அமைதி. மூன்றாம் நாள் மீண்டும் ஆரம்பித்தது.

கொழும்பில் எனக்குப் பழக்கமான திருத்துமிடமொன்றுக்கு அதை எடுத்துச் சென்றேன். அங்கிருந்தவர் ஐந்து நிமிடங்கள் பார்த்துவிட்டு, "வைரஸ்தான் ஐயா, போர்மட் பண்ணினால் சரியாகிவிடும்" என்றார். வன்தட்டை முற்றாக அழித்து விண்டோஸை மீள நிறுவுவதையே அவர் குறிப்பிட்டார். எனது கட்டுரைகள் இருந்த கோப்புறையைப் பிரதியெடுத்துவிட்டு மீதியை அழித்தார். அந்த மீதியில்தான், ஈய எழுத்துகளைக் கோத்து வாழ்நாளைக் கழித்த முதிய அச்சுக்கோப்பாளர் ஒருவருடன் நான் நடத்திய நீண்ட உரையாடல்களின் ஒலிப்பதிவுகள் இருந்தன. அவர் இப்போது உயிருடன் இல்லை. பிரதியெடுத்து வைக்காதது என் தவறு என்பதை மறுக்கவில்லை.

ஒரு வாரம் கழிவதற்குள் கணினி மீண்டும் தானாக நின்று எழுந்தது. இம்முறை அயலிலுள்ள பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வந்து, தன்னிடமிருந்த வேறொரு பவர் சப்ளையைப் பொருத்திப் பார்த்தார். அதன் பின்னர் இன்றுவரை அந்தக் கோளாறு தலைகாட்டவில்லை. குற்றவாளி ஒரு பழைய மின்வழங்கி. தண்டனை பெற்றதோ எந்தக் குற்றமும் செய்யாத வன்தட்டு.

திருத்துபவரை மட்டும் குறைகூறுவதில் நியாயமில்லை. 2003 ஓகஸ்டில் பரவிய 'பிளாஸ்டர்' என்ற நச்சு நிரல், அறுபது விநாடி அவகாசம் காட்டிவிட்டுக் கணினிகளை மீளத் தொடங்கச் செய்தது. கணினி தானாக நின்று எழுந்தால் அது வைரஸ்தான் என்ற எண்ணம் அன்று பலர் மனதில் பதிந்தது. காலம் மாறியபின்னும் அந்தத் தீர்ப்பு மாறவில்லை.

விண்டோஸும் இதற்கு உடந்தை. கடுமையான பிழை ஏற்படும்போது பிழைக்குறியீட்டுடன் தோன்றும் பிழைத்திரையைப் படித்து முடிப்பதற்குள், இயல்பான அமைப்பின்படி கணினி மீளத் தொடங்கிவிடுகின்றது. 'ஸ்டார்ட்டப் அன்ட் ரிக்கவரி' பகுதிக்குச் சென்று, 'ஓட்டோமெட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரேயுள்ள அடையாளத்தை நீக்கிவிட்டால் சாட்சி நம் கண்முன்னே நிற்கும். 'இவென்ட் வியூவர்' என்ற நிகழ்வுப் பதிவேட்டில் 'கேர்னல் பவர் 41' என்ற பதிவைக் கண்டு பலர் அதையே காரணமாகக் கொள்கின்றனர். கணினி ஒழுங்காக மூடப்படாமல் மீளத் தொடங்கியது என்பதற்கு மேல் அது எதையும் கூறுவதில்லை. நமது நாளிதழ்களில் வரும் 'இனந்தெரியாதோர்' செய்தியைப் போன்றது அது. சம்பவம் உண்டு, செய்தவர் யாரென்று இல்லை.

ஆனால் கோளாறு நிகழும் விதமே துப்புத் தரும். பிழைத்திரை எதுவுமின்றித் திடீரெனக் கறுத்து மீள இயங்கினால் முதலில் மின்வழங்கியையும் வெப்பத்தையும் சந்தேகிக்கலாம். சுமை கூடும் வேளையில் பழுதடைந்த மின்வழங்கியின் அழுத்தம் தளம்பினால், பிழையைப் பதிவதற்குக்கூட இயந்திரத்துக்கு அவகாசம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு குறியீட்டுடன் பிழைத்திரை தோன்றினால் ரேம் நினைவகத்தைச் சோதிக்க வேண்டும். அதற்கான சோதனை நிரல் விண்டோஸிலேயே உண்டு. இரவு முழுவதும் ஓடவிடத்தக்க 'மெம்டெஸ்ட்86' என்பதும் உண்டு. எப்போதும் ஒரே குறியீடும் ஒரே கோப்பின் பெயரும் வந்தால் அண்மையில் நிறுவிய டிரைவர் மீது கண் வைக்கலாம். இவை சந்தேகங்கள்தான், தீர்ப்புகள் அல்ல. ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றி, சில நாட்கள் காத்திருந்து பார்ப்பதே உறுதிப்படுத்தும் வழி. மின்வழங்கியின் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். இணைப்பைக் கழற்றிய பின்னரும் அதற்குள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

பெரிய நிறுவனங்களின் உற்பத்திகளிலும் இந்தக் குழப்பம் நேர்ந்துள்ளது. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றைப் பயன்படுத்தியோருக்கு விளையாட்டுகள் இடையில் நின்றுபோயின. கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற பிழைச்செய்தி தோன்றியதால், பலர் கிராபிக்ஸ் அட்டையையே சந்தேகித்தனர். செயலிக்கு அளவுமீறிய மின்னழுத்தம் செல்வதை 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஓகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரு ஆண்டுகள் நீடித்தது. ஏற்கெனவே பழுதடைந்த செயலிகளை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. பிழைச்செய்தி சுட்டிய இடமொன்று. பிழை இருந்த இடம் வேறொன்று.

எனவே கணினியைத் திருத்தக் கொடுக்கும் வாசகர்களிடம் நான் வேண்டுவது இதுதான். முதலில் அனைத்தையும் வேறொரு வன்தட்டில் பிரதியெடுங்கள். பின்னர், "எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை போர்மட் செய்ய இணங்காதீர்கள். கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட நான், கேட்க வேண்டிய ஓரிடத்தில் வாய்மூடி இருந்துவிட்டேன்.

முதலில் தண்டனை, பிறகு விசாரணை என்பது இந்நாட்டவருக்குப் புதிய வழக்கமன்று. வீட்டுக் கணினி விடயத்திலாவது அதைக் கைவிடுவோம். பழுதான மின்வழங்கிக்குப் பதில் இன்னொன்றை எந்தக் கடையிலும் வாங்கலாம். அந்த முதியவரின் குரலை எங்கே வாங்குவது?