கால் போனால் கைத்திறன் போகுமா?



"கம்பெனி வியாபாரம் நடத்துகிறது, தர்மசத்திரம் நடத்தவில்லை." அடிபட்டோ நோயுற்றோ ஊனமடைந்த தொழிலாளியை ஏன் வேலையிலிருந்து நிறுத்துகிறீர்கள் என்று கேட்டால், நிர்வாகத்தார் தரும் பதில் இதுதான். நல்லது. நாமும் இன்று தர்மம் பேச வரவில்லை. உரிமை பேசலாம். 2008ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம், மற்றவரோடு சமமாக வேலை பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று எழுதி வைத்திருக்கிறது. ஆனால் மீறுகிறவருக்குத் தண்டனை ஏதும் எழுதாமல் விட்டதால், அது பல் பிடுங்கிய பாம்பாகக் கிடக்கிறது. ஆகவே வியாபாரத்தையே பேசுவோம். செக்ரோல் எழுதிப் பழகிய கை நம்முடையது. லாப நஷ்டக் கணக்கு நமக்கும் தெரியும்.

ஊனம் எங்கோ யாருக்கோ வருவதல்ல. சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவர், பாலை உறையவைக்கும் அமிலம் தெறித்துக் கண்ணை இழந்தவர் என்று நம்மிடையே பலர் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம்விடப் பெரிய எதிரி சர்க்கரை நோய். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் உண்டு. இந்தியரிடையேதான் அது மிக அதிகம். ஆறாத புண்ணால் முதலில் விரல் போகிறது, பிறகு பாதம், பிறகு கால். கால் போனதும் வேலை போகிறது. வேலை போனால் தோட்டத்து வீடும் போகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு அந்தக் குடும்பம் எங்கே போகும்?

சரி, அவரை அனுப்பிவிட்டதால் கம்பெனிக்கு மிச்சமானது என்ன? ஒரு சம்பளம் என்பார்கள். நஷ்டமானது என்ன என்பதை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை. இருபது ஆண்டு கத்தி பிடித்தவருக்குப் பட்டையின் ஆழம் விரல் நுனியில் தெரியும். புதிய கை சற்றே ஆழமாக வெட்டினால் கத்தி உள்தோலில் படும். அந்த இடத்தில் வளரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகிப் பிறகு வெட்டுக்கு உதவாது. மரம் வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து, மேலும் இருபது ஆண்டுக்குக் குறையாமல் பால் எடுக்கலாம் என்று போட்ட கணக்கு, பழகாத ஒரு கையினால் பாழாகிறது. அந்தக் கையைப் பழக்க வேண்டிய ஆளையோ, ஒரு கால் இல்லை என்பதற்காக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்!

ஒற்றைக் காலோடு மலைச்சரிவில் நிரை பிடிக்க முடியாது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தோட்டம் என்பது நிரை மட்டும்தானா? புதியவர்களுக்கு வெட்டுப் பழக்கலாம். பால் ஸ்டோரில் பால் நிறுத்துக் குறிக்கலாம். பாலில் இரப்பர் எத்தனை பங்கு என்று சோதிக்கலாம். மேசை உயரத்தில் நாற்றுப் பைகளை வைத்துக் கொடுத்தால் நாற்றுமேடையில் உட்கார்ந்தபடியே ஒட்டுக்கட்டலாம். ஆபீசில் கணக்கு எழுதலாம். இன்று கம்ப்யூட்டர் எழுத்தைப் படித்துச் சொல்கிறது. கண் தெரியாத கிராணிகூட அதன் துணையால் கணக்குப் பார்க்க முடியும்.

இது நம் கற்பனையன்று. மோட்டார் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு தமது தொழிற்சாலையிலிருந்த 7,882 வகை வேலைகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்த்தார். இரு காலும் இல்லாதவர் செய்யக்கூடியவை 670, ஒற்றைக் கால் உள்ளவர் செய்யக்கூடியவை 2,637, ஒற்றைக் கை உள்ளவர் செய்யக்கூடியவை 715, பார்வையற்றோர் செய்யக்கூடியவை 10 என்று கண்டு, 1922இல் வெளியான தம் நூலில் எழுதினார். இவர் தொழிற்சங்கத்தின் நண்பர் அல்லர். 1941 வரை சங்கத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்தவர். அப்பேர்ப்பட்டவரே லாபம் என்று கண்டதை நம் துரைமார் ஏன் காணவில்லை?

வழி செய்து கொடுக்கச் செலவாகும் என்பார்கள். பால் ஸ்டோர்ப் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் போடச் சிமெண்டும் மணலும் எவ்வளவு ஆகும்? அதில் சக்கர நாற்காலி மட்டுமா ஏறும்? பால் வாளி சுமந்து வரும் பெண்கள் ஏறுவார்கள், கைவண்டி ஏறும். படியில் கால் இடறிச் சிந்தும் பாலும் கம்பெனிப் பால்தானே! தூண்மேல் நிற்கும் பழைய ஆபீசுகளில் படியேற மாட்டாத முதியவர்கள் கீழே வெயிலில் நின்று கூப்பிடும் கேவலமும் தீரும்.

இனி வரிக்கணக்கைப் பார்ப்போம். பல நிர்வாகங்கள் இதை அறியவில்லை. அறிந்தவர்களும் வாய் திறப்பதில்லை. ஊனமுற்ற ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளத்தை வருமான வரியில் இரு மடங்காகக் கழித்துக்கொள்ள 1982 முதல் உத்தரவு உண்டு. விபத்தாலோ கொடிய நோயாலோ பாதிக்கப்பட்டு, சொக்சோ மருத்துவக் குழு உறுதிசெய்த ஊழியர்களுக்கும் அது பின்னர் விரிவாக்கப்பட்டது. மாதம் 1,700 வெள்ளி (2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம்) என்றால் ஆண்டுக்கு 20,400 வெள்ளி. கழித்துக்கொள்வது 40,800 வெள்ளி. 24 விழுக்காடு வரி கட்டும் கம்பெனிக்கு இதனால் மேற்கொண்டு மிச்சம் 4,896 வெள்ளி. அவருக்காக வாங்கும் கருவிக்கும் கட்டடத்தில் செய்யும் மாற்றத்துக்கும் தனியே வரிக்கழிவு உண்டு. சிகிச்சை, பயிற்சி, மறுபடி வேலை என்று கைப்பிடித்து நடத்த 2007 முதல் சொக்சோவின் 'வேலைக்குத் திரும்பும் திட்டம்' இருக்கிறது. மலாக்காவில் 2014இல் திறந்த மறுவாழ்வு மையமும் இருக்கிறது. முதலாளியும் நாமும் மாதந்தோறும் கட்டும் சந்தாப் பணம் அது. கட்டிவிட்டுப் பயன்படுத்தாமல் விடுவது எந்த ஊர் வியாபாரம்?

ஆளில்லை, ஆளில்லை என்ற கூக்குரலையும் கேட்கிறோம். 2020இல் எல்லைகள் மூடி வெளிநாட்டு ஆட்கள் வராமற்போனபோது, செம்பனைத் தோட்டங்களில் குலைகள் அறுக்க ஆளில்லாமல் அழுகின. கைவசமிருந்த ஆளைத் துரத்திவிட்டுக் கடல் கடந்து ஆள் தேடும் விநோதத்தை என்னென்பது!

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஊனத்தைக் காட்டி அரைச் சம்பளத்துக்கு ஆள் பிடிக்க எவரேனும் நினைத்தால் அதற்கு நாம் இடங்கொடோம். குறைந்தபட்சச் சம்பளத்தில் கால் உள்ளவருக்கு ஒன்று, இல்லாதவருக்கு ஒன்று என்று கிடையாது. நம்மவர்களிலும் சிலர், "நொண்டிக்கு லேசு வேலை, நமக்குக் காட்டு வேலையா?" என்று முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறோம். நாளைக்கு யார் காலில் புண் வரும் என்று அவர்களுக்குத் தெரியுமா?

அடுத்த ஒப்பந்தத்தில் இது ஒரு ஷரத்தாக ஏறவேண்டும். தகுதியற்றவர் என்று கடிதம் கொடுக்குமுன், அத்தோட்டத்திலுள்ள மாற்று வேலைகளைக் கிளைச் சங்கத்தின் முன்னிலையில் பரிசீலிக்க வேண்டும்; அது முடியும்வரை வீட்டைத் தொடக்கூடாது. பேச்சுவார்த்தைக்குப் போகும் கிளைச் செயலாளர்கள் வெறுங்கையோடு போகவேண்டாம். உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலைகள் தங்கள் தோட்டத்தில் எத்தனை என்று கிராணிமாரைக் கொண்டு எண்ணி எழுதி எடுத்துப் போகட்டும். ஃபோர்டுக்கு 7,882 வேலைகள் இருந்தன. நமக்கு அத்தனை இல்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.