இக்கரையும் பச்சைதான்

‘இக்கரைக்கு அக்கரை பச்சை’ என்பார்கள். ஜொகூர் பாரு மக்களுக்கு இப்பழமொழியின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. ஜொகூர் நீரிணைக்கு அப்பால் நிற்கும் சிங்கப்பூர்க் கட்டடங்கள் இங்கிருந்தே கண்ணுக்குத் தெரிகின்றன. 1924ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். பள்ளி விடுமுறை வந்தால் சிலர் அக்கரைக்குப் போவார்கள். சிலர் கேமரன் மலைக்கோ பினாங்கிற்கோ காரை எடுப்பார்கள். எங்கும் போக இயலாதவர்கள் பேரங்காடிக்குப் போவார்கள். சொந்த ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று பலர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

கோவிட்-19 பெருந்தொற்றுதான் அவ்வாறு எண்ண வைத்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அன்றே கடற்பாலமும் வழக்கமான பயணத்திற்கு மூடப்பட்டது. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் கடந்து சென்ற அப்பாதை வெறிச்சோடியது. அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. ஆண்டிறுதி விடுமுறையும் அதனோடு சேர்ந்துகொண்டது. நவம்பர் 14ஆம் நாள் வந்த தீபாவளி, திறந்த இல்ல உபசரிப்பு இல்லாமலே கழிந்தது. 2021 ஜனவரி 13ஆம் நாள் ஜொகூர் உள்ளிட்ட சில மாநிலங்களில் கட்டுப்பாடு மீண்டும் கடுமையாக்கப்பட்டது. மாநிலம் விட்டு மாநிலம் செல்ல விதிக்கப்பட்ட தடை, தடுப்பூசியை முழுமையாகப் பெற்றவர்களுக்கு அக்டோபர் 11ஆம் நாள்தான் விலக்கப்பட்டது. கடற்பாலமோ 2022 ஏப்ரல் 1ஆம் நாள்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது.

ஆகவே, ஈராண்டுக் காலம் ஜொகூர் பாரு மாணவர்களின் விடுமுறை பெரும்பாலும் ஊருக்குள்ளேயே கழிய வேண்டியிருந்தது. கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்த மாதங்களில் மக்கள் இரு பக்கமாகப் பிரிந்தனர். ஒரு சாரார் அச்சத்தால் பிள்ளைகளை வாசலைத் தாண்டவே விடவில்லை. மறுசாரார் அடைபட்ட அலுப்புத் தீரப் பேரங்காடிகளில் கூடினர். இவ்விரண்டும் சரியான வழியன்று என்பதே என் கருத்து. பெருந்தொற்றுக் காலத்தில், அரசு அனுமதிக்கும் எல்லைக்குள், வீட்டிற்கு அருகில் உள்ள திறந்தவெளிக்குக் குடும்பத்தாரோடு மட்டும் சென்று வரும் சிறு உலாவே சிறந்த விடுமுறைப் பயணம். அது உடலுக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

முதலில் உடல்நலத்தைப் பார்ப்போம். இந்நோய்க் கிருமி, நோயுற்றவர் மூச்சு விடும்போதும் பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்துளிகள் வழியாகப் பரவுகிறது. சன்னல் திறக்காத குளிர்சாதன அறையில் அத்துளிகள் நெடுநேரம் காற்றில் தங்கியிருக்கும். திறந்தவெளியிலோ காற்று அவற்றைக் கலைத்துவிடும். இதனால்தான், காற்றோட்டமில்லாத இடம், நெரிசலான இடம், நெருங்கி நின்று பேசும் சூழல் ஆகிய மூன்றையும் தவிர்க்குமாறு ஜப்பானிய அரசு 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தன் மக்களிடம் கேட்டுக்கொண்டது. நம் சுகாதார அமைச்சும் இதே மூன்றையே வலியுறுத்தியது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். விடுமுறை நாளில் பேரங்காடியின் உணவு வளாகம் மூன்றிலும் தோற்றுவிடும். காலை ஏழு மணிப் பூங்கா மூன்றிலும் தேறிவிடும்.

அடுத்தது செலவு. பெருந்தொற்று பலருடைய வருமானத்தையும் பறித்தது. சிங்கப்பூருக்கு அன்றாடம் சென்று வேலை செய்தவர்களுள் பலர் வேலையை இழந்தனர். இன்னும் பலர் அங்கேயே தங்கிவிட்டதால் மனைவி மக்களைப் பல மாதம் பிரிந்திருந்தனர். அத்தகைய வீட்டில் ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். ஐவர் கொண்ட குடும்பம் பேரங்காடிக்குச் சென்றால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். திரைப்பட நுழைவுச்சீட்டு, மதிய உணவு, குளிர்பானம், கார் நிறுத்தக் கட்டணம், கண்ணில் பட்டதால் வாங்கிய பொருள்கள் எனக் கூட்டினால் நூறு வெள்ளி போதாது. அதே குடும்பம் அம்மா கட்டிக் கொடுத்த நாசி லெமாக் பொட்டலங்களோடும் தண்ணீர்ப் புட்டிகளோடும் பூங்காவிற்குப் போனால், பெட்ரோல் செலவைத் தவிர வேறு செலவு இல்லை. நடந்தே போனால் அதுவும் இல்லை.

‘அப்படிப் போவதற்கு இங்கே இடம் ஏது?’ என்று கேட்பவர்கள் உண்டு. இடங்களுக்குக் குறைவில்லை. ஜொகூர் பாரு நகருக்குள்ளேயே ‘ஹுத்தான் பண்டார்’ எனப்படும் நகரக்காடு இருக்கிறது. மெர்டேக்கா பூங்கா இருக்கிறது. நீரிணையைப் பார்த்தபடி நடக்க டங்கா பே கரையோரமும், இஸ்கண்டார் புத்ரியில் புத்ரி ஹார்பரும் உள்ளன. பாசிர் கூடாங்கில் பட்டக் குன்று என்று பொருள்படும் ‘புக்கிட் லாயாங்-லாயாங்’ உள்ளது. 1995ஆம் ஆண்டு முதல் அனைத்துலகப் பட்ட விழாவிற்குப் பெயர்பெற்ற ஊர் அது. மூங்கில் குச்சியும் தாளும் நூலும் கொண்டு வீட்டிலேயே ஒரு பட்டம் செய்து, காற்றோட்டமான திடலில் அதைப் பறக்கவிட்டுப் பாருங்கள். பட்டம் செய்வதில் ஒரு நாளும் அதைப் பறக்கவிடுவதில் ஒரு நாளும் மகிழ்ச்சியாகக் கழியும்.

வரலாற்றில் ஆர்வமுடையோர் பழைய நகரத்தைக் கால்நடையாகச் சுற்றி வரலாம். ஜொகூர் பாருவுக்கு இரயில் பாதை வந்து சேர்ந்த ஆண்டு 1909. அக்காலத்தை நினைவூட்டும் பழைய இரயில் நிலையம் இன்றைய ஜே.பி. செண்ட்ரலின் அருகில் நிற்கிறது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் ஜாலான் தான் ஹியோக் நீயின் பழைய கடைவீடுகளைக் காணலாம். அருகில் உள்ள ஜாலான் உங்கு புவானில் பூமாலைக் கடைகளும் ராஜமாரியம்மன் ஆலயமும் இருக்கின்றன. அதே வட்டாரத்தில் பழைய சீனக் கோயிலும் குருத்துவாராவும் தேவாலயமும் இந்தியர் பள்ளிவாசலும் உள்ளன. நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இத்தனை வழிபாட்டு இல்லங்கள் அமைந்திருப்பது நம் நாட்டின் சமய நல்லிணக்கத்திற்குச் சான்று. நீரிணையை நோக்கிய மேட்டில் 1892ஆம் ஆண்டு கட்டத் தொடங்கி 1900ஆம் ஆண்டு நிறைவுபெற்ற சுல்தான் அபு பாக்கார் பள்ளிவாசல் எழுந்து நிற்கிறது. இக்கட்டடங்களை வெளியே நின்று பார்க்கக் கட்டணம் எதுவுமில்லை. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் இருந்தால் போதும். வரலாற்றுப் பாடத்தின் சில பக்கங்கள் தெருவிலேயே விரியும்.

மாவட்டம் கடக்க அனுமதி கிடைத்த காலத்தில் பொந்தியான் மாவட்டத்தின் தஞ்சோங் பியாய் வரை செல்ல முடிந்தது. ஆசியப் பெருநிலப்பரப்பின் தென்முனை அதுதான். தஞ்சோங் பியாய், குக்குப் தீவு, பூலாய் ஆறு ஆகிய மூன்று சதுப்பு நிலங்களும் 2003ஆம் ஆண்டு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப்பட்டன. அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கும் கண்டல் காடுகள் அங்கே உள்ளன. சேற்றில் தாவும் மீனையும் வேரில் ஒட்டிய சிப்பியையும் பார்க்கப் பெருந்தொகை செலவழிக்க வேண்டியதில்லை. பராமரிப்புப் பணிக்காக இத்தகைய இடங்கள் சில வேளைகளில் மூடப்படுவதுண்டு. புறப்படும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டறிவது நன்று.

‘வீட்டில் இருப்பதுதானே முழுப் பாதுகாப்பு? எதற்காக வெளியே போக வேண்டும்?’ என்று சிலர் வாதிடுவர். இக்கருத்தில் நியாயம் உண்டு. வெளியே வராதீர்கள் என்று அரசு ஆணையிட்டால் வீட்டில் இருப்பதே நம் கடமை. அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. காய்ச்சலோ இருமலோ உள்ளவர்களும் நோயாளியோடு பழகியவர்களும் எக்காலத்திலும் வெளியே செல்லக்கூடாது. ஆனால், ஆணை தளர்ந்த பின்னும் பிள்ளைகளை அடைத்து வைப்பதற்கு வேறு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மூன்று அறைகள் கொண்ட அடுக்குமாடி வீட்டில் ஆறு பேர் நாள் முழுவதும் இருப்பதை நினைத்துப் பாருங்கள். இயங்கலை வகுப்பும் அதே கைப்பேசியில், விளையாட்டும் அதே கைப்பேசியில். கண் களைக்கிறது; உடல் அசைவின்றிப் பருக்கிறது; சிறு பேச்சும் சண்டையாகிறது. முற்றமும் தோட்டமும் உள்ள வீட்டாருக்கு இத்துன்பம் முழுமையாகப் புரியாது. அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைக்குப் பூங்காதான் முற்றம். எனவே, வாரத்திற்கு இருமுறை ஒரு மணி நேரம் திறந்தவெளியில் நடப்பதை ஆடம்பரமென்று சொல்ல முடியாது.

திறந்தவெளி என்பதற்காகக் கவனத்தைக் கைவிடவும் கூடாது. அனைவரும் ஒரே பூங்காவிற்கு ஒரே நேரத்தில் சென்றால் அதுவும் பேரங்காடியாகிவிடும். ஆகவே, புறப்படும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே காற்றோட்டம் உண்டா? பிறரிடமிருந்து ஒரு மீட்டருக்கு மேல் விலகி நிற்க முடியுமா? கூட்டம் சேர்ந்துவிட்டால் போவதற்கு வேறு இடம் உண்டா? கார் நிறுத்துமிடம் நிரம்பியிருப்பதைக் கண்டால் இறங்காமலே திரும்பிவிடுவது அறிவுடைமை. முகக்கவசமும் கைத்தூய்மியும் பையில் இருக்கட்டும். தாத்தா பாட்டி உடன் வந்தால் கூட்டம் சேராத அதிகாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நோயை மட்டும் எண்ணி வேறு ஆபத்துகளை மறந்துவிடவும் கூடாது. ஆண்டிறுதி விடுமுறை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. 2021ஆம் ஆண்டு பிறந்த முதல் நாள்களிலேயே ஜொகூரின் பல மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. 2001ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ‘வாமெய்’ என்னும் வெப்பமண்டலப் புயல் கொண்டுவந்த பெருமழையால் குனோங் பூலாயில் சேற்று வெள்ளம் பெருக்கெடுத்து ஐவரின் உயிரைக் குடித்தது. மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே அருவியில் திடீர் வெள்ளம் இறங்கும். எனவே, மழைக்கால விடுமுறையில் அருவிகளையும் மலைப்பாதைகளையும் தவிர்த்துவிட்டு நகரப் பூங்காக்களையும் பழைய தெருக்களையும் தேர்ந்தெடுப்பதே நன்று. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று மூத்தோர் சும்மா சொல்லவில்லை.

இங்கு இன்னொரு பொறுப்பையும் சொல்ல வேண்டும். நடந்து செல்லும் தூரத்தில் பூங்கா இல்லாத குடியிருப்புகள் நம்மிடையே உள்ளன. இருக்கும் சில விளையாட்டுத் திடல்களிலும் ஊஞ்சல் அறுந்து, புதர் மண்டி, விளக்கு எரியாமல் கிடக்கிறது. இந்நிலையில் ‘வீட்டருகே உலாவுங்கள்’ என்று மக்களிடம் சொல்வது மட்டும் போதாது. 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதி ஏழைகள், நெரிசலாலும் நோயாலும் இளமையிலேயே இறந்தனர். தங்களுக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று 30,000 பேர் கையொப்பமிட்டு விக்டோரியா மகாராணியாருக்கு விண்ணப்பித்தனர். அதன் பயனாக 1845ஆம் ஆண்டு விக்டோரியா பூங்கா திறக்கப்பட்டது. மருந்தகத்தைப் போலவே பூங்காவும் மக்கள் உயிரைக் காக்கும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள். நம் ஊராட்சி மன்றங்களும் சாலைக்கும் வடிகாலுக்கும் ஒதுக்குவது போலப் பூங்காவுக்கும் நிதி ஒதுக்க வேண்டும். பழுதடைந்த ஊஞ்சலைப் படம் பிடித்து மன்றத்திற்குத் தெரிவிக்க மாணவர்களாலும் முடியும். கொண்டு போன நெகிழிப் பையைத் திரும்பக் கொண்டு வருவதும், குரங்குகளுக்குத் தீனி போடாதிருப்பதும் நம் பங்கு.

இன்று கடற்பாலத்தில் மீண்டும் வண்டிகள் வரிசை பிடிக்கின்றன. மாநில எல்லைகளும் திறந்துவிட்டன. அக்கரைக்குப் போவதும் தொலைவூர்களைப் பார்ப்பதும் தவறில்லை. ஆயினும், நெருக்கடியில் கற்ற பழக்கத்தை நெருக்கடி தீர்ந்ததும் உதறிவிடக்கூடாது. இன்னொரு தொற்று வராது என்று யாரும் உறுதி கூற முடியாது. வருமானம் குறையும் காலம் எந்தக் குடும்பத்திற்கும் வரலாம். அப்போது, பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்று பெற்றோர் திகைத்து நிற்க வேண்டியதில்லை. அடுத்த விடுமுறைக்கு முன் உங்கள் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் திறந்தவெளி இடங்களை ஒரு தாளில் பட்டியலிடுங்கள். எந்த நேரத்தில் அங்கே கூட்டம் குறைவு, எப்படிச் செல்வது, எவ்வளவு செலவாகும் என்பதையும் குறித்து வையுங்கள். அப்பட்டியலைக் குடும்பத்தாரிடம் காட்டி, முதல் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வீட்டிலுள்ள மூத்தவருக்குக் கொடுங்கள்.