விளிம்பு பெயர்ந்தால் பலகை போச்சு!

புது வீட்டில் பால் காய்ச்சி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே இருக்கும் அலமாரிக் கதவு வாயைப் பிளக்கிறது!

ஓரத்தில் ஒட்டிய பட்டை உரிந்து தொங்குகிறது. உள்ளே மரத்தூள் பலகை ஊறி, பொரி உருண்டை போல உப்பியிருக்கிறது. கடன் வாங்கிச் செய்த சமையலறை ஆயிற்றே! வீட்டுக்கார அம்மாள் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள்.

"தண்ணீர் படாமல் பார்த்துக்கணும் அம்மா" என்கிறார் அவர்.

சமையலறையில் தண்ணீர் படாமல் இருக்குமா? குற்றம் தண்ணீர் மேல் இல்லை. பசை மேல்தான்.

தமிழ்நாட்டு வீடுகளில் அடுப்பு மேடை பெரும்பாலும் கல். அதற்குப் பயம் இல்லை. கீழே வரும் கதவுக்கும் தட்டுக்கும்தான் ஆபத்து. அவற்றின் மேல் ஒட்டும் வழவழப்பான தகட்டை எல்லோரும் மைக்கா என்கிறார்கள். அதில் மைக்கா துளியும் கிடையாது! காகிதத்தைப் பிசினில் நனைத்து, சூடாக்கி அழுத்திச் செய்தது. 1912-ல் அமெரிக்காவில் இரண்டு என்ஜினீயர்கள், மின்சாரக் கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாகப் பயன்படுத்த இதன் முன்னோடியைச் செய்தார்கள். அதனால் பார்மைக்கா என்று பெயர் வந்தது.

இந்தத் தகடு தண்ணீரைத் தாங்கும். பலகையின் அறுத்த ஓரம் தாங்காது. அதை மூடத்தான் பட்டை.

எந்தப் பட்டைக்கு எந்தப் பசை?

மைக்காவிலேயே வெட்டிய பட்டை என்றால் பின்புறம் சொரசொரப்பாக இருக்கும். வெள்ளைப் பசை பிடிக்கும். ஆனால் தண்ணீரைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். கிளாம்ப் போட்டு இறுக்கி, ஓர் இரவு விட வேண்டும். அந்த ஒரு இரவுக்குத்தான் பல இடங்களில் பொறுமை இல்லை!

பி.வி.சி. பட்டைக்கு வெள்ளைப் பசை உதவாது. அந்தப் பசையில் உள்ள ஈரத்தை மரம் உறிஞ்சும், பிளாஸ்டிக் உறிஞ்சாது. ஒட்டியது போலக் காட்டிவிட்டு உரியும்.

கையால் ஒட்டுவதற்கு ரப்பர் பசை நல்லது. பட்டையிலும் பலகையிலும் தடவ வேண்டும். பலகையின் ஓரம் முதல் பூச்சைக் குடித்துவிடும். அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு. விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு ஒரே அழுத்து. அப்புறம் நகர்த்த முடியாது.

இந்தப் பசையின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். வேலை நடக்கும்போது அடுப்பு எரியக் கூடாது. சாமி விளக்கும் எரியக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

பட்டறையில் மெஷின் வைத்து, பசையை உருக்கி ஒட்டுகிறார்கள். அதில் இ.வி.ஏ. என்பது விலை குறைவு. ஆனால் சூட்டில் உருகியது, சூடு பட்டால் மறுபடி இளகும். அடுப்புப் பக்கம் அதை நம்பக் கூடாது. பி.யு.ஆர். என்பது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகிவிடும், பிறகு உருகாது. விலை அதிகம்தான். வீடு முழுவதும் வேண்டாம். தொட்டிக்குக் கீழேயும் அடுப்பை ஒட்டியும் வரும் சில கதவுகளுக்காவது அதைக் கேட்டு வாங்க வேண்டும். பசை மாற்றுவது தொல்லை என்று பட்டறைக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்!

பட்டை இப்போதுதான் பெயர்ந்திருக்கிறது, பலகை உப்பவில்லை என்றால் தப்பித்தீர்கள். நன்றாக உலர வைத்து, பழைய பசையைச் சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டலாம். உப்பிய மரத்தூள் பலகை பழைய நிலைக்குத் திரும்பாது. அதன் மேல் புதுப் பட்டை ஒட்டித் தருகிறேன் என்று யாராவது கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்.