ஏழரை மணி கிராஃப்

வீட்டைப் பூட்டிட்டு வடக்க வந்து குப்பை கொட்டுற நம்மில் பலருக்கு இது தெரிஞ்ச கதைதான். ஊர்ல ரீடிங் எடுக்க வர்ற ஈ.பி.காரர் கதவு பூட்டியிருந்தா 'டோர் லாக்'னு குறிச்சுட்டுப் போவார். பழைய கணக்கை வச்சு ஒரு தொகை போடுவாங்க. அந்தத் தொகை மேல நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம். ஆனா பார்க்காத மீட்டருக்கு 'பூஜ்யம் யூனிட்'னு அவர் எழுதறதில்லை.

லட்சக்கணக்குல கொட்டி வாங்கின கண்காணிப்பு மென்பொருளும், அதை மேய்க்கிற எங்க கூட்டமும் அதைத்தான் செய்யறோம். தகவல் வரலையா, பூஜ்யம்னு போடு. பூஜ்யம்னா பிரச்சினை இல்லை, பச்சை விளக்கு. எனக்கு இதுல இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

இந்தத் துறையில் இல்லாதவங்களுக்கு ரெண்டு வரி. ஹோஸ்ட்டுங்கறது ஒரு பெரிய சர்வர். அதுக்குள்ள இருபது முப்பது விர்ச்சுவல் மெஷின், ஒரே காம்பவுண்டுல ஒண்டுக் குடித்தனம் மாதிரி. விஎம்வேர்ல ஹோஸ்ட் 20 விநாடிக்கு ஒரு தடவை எல்லார் உபயோகத்தையும் அளக்கும். அந்த நுணுக்கமான கணக்கு ஒரு மணி நேரம்தான் நிக்கும். மேல இருக்கிற விசென்டர் அதைச் சுருக்கி, 5 நிமிஷக் கணக்கை ஒரு நாள், அரை மணிக் கணக்கை ஒரு வாரம், 2 மணி நேரக் கணக்கை ஒரு மாசம், தினக் கணக்கை ஒரு வருஷம்னு வச்சுக்கும். அதாவது நாள் ஆக ஆக சாட்சி மங்கிக்கிட்டே போகும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஒரு வாடிக்கையாளர் இடத்துல ராத்திரி 2 மணிக்கு பில்லிங் தரவுத்தளம் மூச்சுத் திணறி நின்னுபோச்சு. காலையில மீட்டிங். திரையில கிராஃப். முந்தின ராத்திரி பதினொன்றரையிலிருந்து கோடு தரையோட தரையா படுத்திருக்கு. "சர்வர் சும்மாத்தானே இருந்திருக்கு? அப்ப நைட் ஷிப்ட்ல எவனோ எதையோ நிறுத்தியிருக்கான்." தீர்ப்பு முடிஞ்சுது. நைட் ஷிப்ட்ல இருந்தது சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், சேர்ந்து எட்டு மாசம். "அண்ணே, சத்தியமா நான் எதையும் தொடலண்ணே"ன்னு என்கிட்ட வந்து நின்னான்.

சி.பி.யு. பூஜ்யம், மெமரி பூஜ்யம். உயிரோட இருக்கிற எந்த மெஷினாவது மெமரியே தொடாம ஓடுமா? தூங்கற மனுஷனுக்கே நாடி இருக்குமேய்யா! அதுவும் அந்த ஹோஸ்ட்ல இருந்த எல்லா மெஷினும் ஒரே நிமிஷத்துல பூஜ்யம், பக்கத்து ஹோஸ்ட் ஜம்முனு ஓடுது. இதைக் கேட்க அந்த அறையில ஒருத்தருக்கும் தோணலை. நான் கேட்டேன். "அப்புறம் பார்க்கலாம்"னாங்க.

அன்னிக்குப் பூரா நடந்தது வழக்கமான பூசைதான். விசென்டரை ரீபூட் பண்ணு. கண்காணிப்பு மென்பொருளைத் திரும்ப நிறுவு. ஒரு மேதாவி புள்ளிவிவர அளவை 1-லிருந்து 4-க்கு ஏத்தி வச்சார். இனிமே வர்ற தகவல் கூடுதலா சேரும், தரவுத்தளம் வீங்கும், போன ராத்திரி திரும்பி வருமா?

மூணாம் நாள்தான் என்னை அந்த ஹோஸ்ட்டுக்குள்ள விட்டாங்க. நேரம் பார்த்தேன். அஞ்சரை மணி நேரம் முன்னாடி ஓடிக்கிட்டிருக்கு.

இஎஸ்எக்ஸ்ஐ உள்ளுக்குள்ள யுடிசி நேரத்துலதான் ஓடும், இந்திய நேரம்னு ஒண்ணு அதுக்குக் கிடையாது. அன்னிக்கு ராத்திரி மெமரி மாத்த ஹோஸ்ட்டை நிறுத்திக் கிளப்பினவர் உள்ள போய்ப் பார்த்திருக்கார். அஞ்சரை மணி கம்மியா இருக்கு. 'தப்பா ஓடுதே'ன்னு நல்ல மனசோட சரிபண்ணிட்டார். என்டிபி சேவையும் நின்னு கிடந்தது, திருத்த ஆளில்லை. ஹோஸ்ட் எதிர்காலத்துல உக்காந்துகிட்டு கணக்கு அனுப்ப, விசென்டர் நிகழ்காலத்துல தேட, கிராஃப் காலி. காலியை எங்க மென்பொருள் பூஜ்யமாக்கிடுச்சு.

இதோட போகலை. விர்ச்சுவல் மெஷின் கிளம்பும்போது ஹோஸ்ட் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நேரம் வச்சுக்கும். ராத்திரி 2 மணிக்கு அந்த மெஷினுக்கு காலை ஏழரை. ஏழரைக்கு ஓட வேண்டிய பெரிய ரிப்போர்ட்டை அது கடமை உணர்ச்சியோட ஆரம்பிச்சிருக்கு. வேற சர்வர்லேர்ந்து இரவு பில்லிங்கும் அதே நேரத்துல வந்து மோத, ரெண்டும் சேர்ந்து கழுத்தை நெரிச்சிருக்கு. மெஷின் லாக்ல எல்லாம் இருந்தது, 7:30-னு போட்டு. யாரும் 2 மணி பக்கத்தைத் தாண்டி பார்க்கலை. (ஏழரைன்னா சும்மாவா!)

அதாவது, கிராஃப்ல இருந்த அந்த ஓட்டைதான் துப்பு. அதை வெத்திடமா காட்டியிருந்தா முதல் நாளே 'ஏன் தகவல் வரலை'ன்னு கேட்டிருப்பாங்க. பூஜ்யம் போட்டதால 'யார் நிறுத்தினது'ன்னு கேட்டாங்க.

"விட்டு விட்டு கோடு இருந்தா க்ளையன்ட் பயந்துருவார்"னு ஒரு வாதம் வெப்பாங்க. பயப்படட்டுமே! பயப்பட வேண்டிய இடம்தானே அது. சில மென்பொருள்ல இன்னும் மோசம், ஓட்டையோட ரெண்டு முனையையும் நேர்கோடு போட்டு இணைச்சு விட்டுரும். அந்தக் கோட்டை வச்சு மாசக் கடைசியில சராசரி எடுத்து, 'இந்த மெஷினுக்கு இவ்வளவு மெமரி எதுக்கு, பாதியா வெட்டு'ன்னு ஆலோசனை வேற. இல்லாத தகவலுக்கு சராசரி எடுக்கிற தைரியம் ஈ.பி.க்குக் கூட உண்டு, ஆனா அவங்க பில்லுல அதைச் சொல்லிடறாங்க.

பையன் மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சு. ஆனா அதுக்குள்ள எச்சரிக்கைக் கடிதம் போய், வேலை நிரந்தரமும் மூணு மாசம் தள்ளிப் போயிருந்தது. கடிதத்தைத் திரும்ப வாங்குங்கன்னேன், அதுக்கு 'ப்ராசஸ்' இல்லையாம். ஊர்ல அவங்க அப்பா கேட்டதுக்கு "எல்லாருக்கும் தள்ளிப் போட்டிருக்காங்கப்பா"ன்னு சொல்லியிருக்கான்.

தகவல் வராத நேரத்தை சாம்பல் நிறத்துல காட்டணும், பத்து நிமிஷம் வரலைன்னா அதுக்குன்னு தனி அலாரம் அடிக்கணும்னு எழுதி ஒரு டிக்கெட் போட்டேன். தலைப்பு 'டோர் லாக்'. முக்கியத்துவம் 'குறைவு'ன்னு மாத்தி வச்சிருக்காங்க.